எங்கன வலிக்கு

அவர் ஒற்றைக்காலில்தான் நிற்பார். வலது முட்டியைச் சற்றே மடக்கி, உடம்பின் பாரம் முழுவதையும் இடது காலில் இறக்கி, மைதானத்தின் கோட்டுக்கு வெளியே எவ்வளவு நேரமானாலும் அப்படியே நிற்பார். ஒற்றைக்காலில் தவம் நின்ற கோமதியம்மன் கதையைக் கேட்டு, வருஷா வருஷம் ஆடித்தபசுக் கூட்டத்தில் நசுங்கி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளிக்கு ஹாக்கி பயிற்சியாளராக வந்த இரண்டாம் நாளே அவர் தபசு மிஸ் ஆகிவிட்டார். பெயரை வைத்தது யார் என்று கேட்டால் முத்துலட்சுமி என்னைச் சொல்வாள். நான் அவளைச் சொல்வேன்.

அவருடைய சொந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "எதுக்கு மக்கா அதெல்லாம்" என்றிருப்பார் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். அவரைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது என்று நான் நம்பியிருந்த ஒரு விஷயமே தவறாகப் போய்விட்ட பிறகு, மற்றதைப் பற்றி அழுத்திச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

எங்கள் மைதானம் பள்ளிக்குப் பின்னால், தறிக்கூடங்களுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்தது. பாதி செம்மண், பாதி கரிசல். கோடையில் கரிசல் பக்கம் வெடித்துக் கிடக்கும். பந்து அந்த வெடிப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. மற்ற பள்ளிகளின் பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். மிஸ் கத்தவே மாட்டார். கையை நீட்டுவார், மடக்குவார், இரண்டு விரலைக் காட்டுவார். எங்களுக்குப் புரிந்துவிடும். கரண்ட் போனால் அத்தனை தறிகளும் ஒரே நேரத்தில் நின்று, மைதானம் திடீரென்று அமைதியாகிவிடும். அப்போதும் அவர் குரலை உயர்த்த மாட்டார். நாங்கள்தான் கூச்சப்பட்டுக்கொண்டு மெதுவாகப் பேசுவோம்.

அவர் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. நான் கீப்பர். முத்துலட்சுமி ரைட் பேக். "ஏட்டி கீப்பரு, குனிஞ்சு நில்லு." அவ்வளவுதான். பள்ளிக்கு வெளியே, பூ மார்க்கெட்டில் அப்பாவின் கடைக்கு எதிரே பார்த்தால்கூட "என்ன கீப்பரு" என்பார். அப்பாவுக்கு அது பிடிக்காது. என் மகளுக்குப் பெயர் இல்லையா என்று வீட்டில் வந்து கேட்பார்.

ஆட்டத்துக்கு முன்னால் மற்ற பயிற்சியாளர்கள் பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி உபதேசம் செய்வதைப் பார்த்திருக்கிறேன். மிஸ் அதைச் செய்ததில்லை. எங்களை வரிசையாக நிற்க வைப்பார். வெள்ளைப் பிளாஸ்திரி உருளை ஒன்றை வளையல்போல மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு முதலாவது பிள்ளையிடம் வருவார்.

"எங்கன வலிக்கு?"

வலிக்கிறதா என்று கேட்க மாட்டார். எங்கே என்றுதான் கேட்பார். எங்கேயும் இல்லை மிஸ் என்றால் நகர மாட்டார். "ஒடம்புன்னு இருந்தா எங்கனயாச்சும் வலிக்கும். யோசிச்சுச் சொல்லு" என்று அப்படியே நிற்பார். பின்னால் பத்துப் பேர் காத்திருப்பார்கள். எதிரணி உள்ளே இறங்கியிருக்கும். நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவருக்கு அவசரமே இருக்காது. கடைசியில் அந்தப் பிள்ளை ஏதாவது ஓர் இடத்தைக் காட்டும். காட்டிய இடத்தை அவர் கட்டை விரலால் ஒருமுறை அழுத்தி, பிளாஸ்திரியைப் பல்லால் கடித்துக் கிழித்து ஒட்டிவிட்டு, அடுத்த பிள்ளைக்குப் போவார். எந்த இடத்தைச் சொன்னாலும் நம்புவார். திட்ட மாட்டார். முகம் மாறாது. ஐயோ என்று ஒருமுறைகூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்களுக்கு அது விளையாட்டாகிவிட்டது. பதினாறு, பதினேழு வயது. எதைத்தான் விளையாட்டாக்காமல் விட்டோம். முதல் நாளே பேசி வைத்துக்கொள்வோம். நாளைக்கு நான் கணுக்கால், நீ தோள்பட்டை, அவள் முழங்கை. முத்துலட்சுமி ஒருமுறை காது மடல் என்றாள். மிஸ் கொஞ்சமும் சிரிக்காமல் அவள் காதில் பிளாஸ்திரி ஒட்டினார். சிவகிரிப் பள்ளிக்கு எதிராக முழு ஆட்டத்தையும் அவள் அந்தக் காதோடுதான் ஆடினாள். அவர்களுடைய முன்கள ஆட்டக்காரி ஒருத்தி இடைவேளையில் வந்து, "உங்க ஊர்ல காதாலயா பந்து அடிப்பிய?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மிஸ் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அதே பஸ்ஸில்தான் அவர் முட்டியின் கதையும் எங்களுக்குக் கிடைத்தது. அவராகச் சொல்லவில்லை. முத்துலட்சுமி கேட்டுவிட்டாள். மிஸ் சிவகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு மானாவாரி நிலம், அம்மாவுக்கு ஆடுகள். பனைமட்டையைச் செதுக்கிக்கொண்டு பையன்களோடு வெறுங்காலில் ஆடத் தொடங்கி, விளையாட்டு விடுதிக்குப் போய், பத்தொன்பது வயதில் மாநில அணிக்கு லெஃப்ட் ஹாஃப் ஆனார். அடுத்த வருஷமே இந்திய அணிக்கான பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே போவதற்கு முன்பே முட்டியில் ஏதோ பிசகியிருந்தது. வாரம் ஒருமுறை மருத்துவர் வருவார். எல்லாரையும் நிற்க வைத்து வலி இருக்கிறதா என்று கேட்பார். இல்லை சார் என்று சொல்லிவிட்டு ஓடுவாராம். இரண்டு சீசன் அப்படிச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது சீசனில் யாரும் இடிக்காமல், பந்தும் பக்கத்தில் இல்லாமல், திரும்பி ஓட எத்தனித்தபோது முட்டி அப்படியே விட்டுவிட்டது. அதன்பிறகு அவர் ஆடவில்லை.

"அவரு வலிக்கான்னு கேட்டாரு. இல்லன்னு சொல்லுததுக்கு எவ்வளவு நேரம் ஆவும்? எங்கனன்னு கேட்டிருந்தா ஒரு எடத்தக் காட்டியிருப்பேன்."

இவ்வளவுதான் சொன்னார். எங்கள் சிரிப்பு அத்தோடு நின்றது. ஆனால் நாங்கள் பேசி வைத்துக்கொள்வதை நிறுத்தினோமா என்றால் இல்லை. ஒருவாரம் கழித்து மறுபடியும் தொடங்கிவிட்டோம். ஏன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். அவர் நம்புவது அவ்வளவு சுகமாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

நான் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும்போது மண்டல இறுதிப் போட்டிக்கு வந்தோம். கோவில்பட்டியில் ஆட்டம். எங்கள் பள்ளி அதுவரை அவ்வளவு தூரம் போனதில்லை. எனக்கு அது இன்னொரு விதத்திலும் முக்கியம். மண்டல அளவில் ஜெயித்த சான்றிதழ் இருந்தால் திருநெல்வேலியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்று மிஸ் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அந்த இடம் கிடைத்தால் படிக்கட்டும், இல்லையென்றால் போதும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள்.

போட்டிக்கு முந்தைய நாள் சாயங்காலம் பயிற்சியில் முத்துலட்சுமி அடித்த பந்து என் வலது கை மோதிர விரலில் விழுந்தது. ஸ்டிக்கைப் பிடித்திருந்த விரல். சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மிஸ் அப்போது எதிர்க்கோடியில் இருந்தார். முத்துலட்சுமி ஓடி வந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டில் அம்மா வீக்கத்தைப் பார்த்துவிட்டுக் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினாள். விடிந்தபோது விரல் கருத்து, பக்கத்து விரல் மாதிரி இரண்டு மடங்காக இருந்தது. மண்ணைக் கழுவிவிட்டு பஸ் ஏறினேன்.

கோவில்பட்டியில் வரிசையாக நின்றோம். மிஸ் ஒவ்வொருவராக வந்தார். நான் காலில் பேடு கட்டி, கையில் கிளவுஸ் மாட்டித் தயாராக நின்றேன். நான் வெளியே உட்கார்ந்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைத்தான் கோலில் நிறுத்த வேண்டும். அந்தப் பிள்ளை பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும்.

"எங்கன வலிக்கு, கீப்பரு?"

அன்றைக்கு நாங்கள் பேசி வைத்திருந்தபடி எனக்கு இடது முட்டி. அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். உண்மையிலேயே வெகுநேரம் பார்த்தாரா, நான்தான் பிற்பாடு நீட்டிக்கொண்டேனா என்று தெரியவில்லை. பிறகு குனிய முடியாமல் குனிந்து, பேடைத் தளர்த்தி, வலிக்காத முட்டியில் அழுத்திப் பார்த்து, பிளாஸ்திரி ஒட்டினார்.

ஜெயித்தோம். ஒன்றுக்குப் பூஜ்யம். கடைசி நிமிஷங்களில் எதிரணிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை நான் தடுத்தேன். எல்லாரும் என்மேல் விழுந்து கட்டிக்கொண்டார்கள். அந்தப் பந்து பட்டது அதே விரலில். கிளவுஸைக் கழற்ற முடியவில்லை. மிஸ்தான் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்தார். விரலைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்ததை முதல்முறையாகப் பார்த்தேன். அங்கேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. முதல் முறிவு ஒருநாள் பழையது என்று மருத்துவர் சொன்னார். பின்னர் ஆபரேஷன் செய்தும் விரல் நேராகவில்லை. இன்றும் அது உள்ளங்கையைப் பார்த்து மடங்கித்தான் இருக்கிறது. என்னால் சரமாகப் பூக்கட்ட வராது. பூக்கடைக்காரர் மகளுக்குப் பூக்கட்ட வராது என்பது எங்கள் தெருவில் பெரிய பேச்சு. பெண் பார்க்க வந்தபோது அம்மா அந்த விரலைத் தட்டுக்கு அடியில் மறைத்துப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன்.

மறுவாரம் அப்பாவும் சித்தப்பாவும் பள்ளிக்கு வந்தார்கள். கட்டுப் போட்ட கையோடு என்னையும் அழைத்துப் போனார்கள். தலைமையாசிரியை அறையில் சித்தப்பா மேசையைத் தட்டிப் பேசினார். முதல் நாளே முறிந்த விரலோடு பிள்ளையை ஆட விட்டிருக்கிறார்கள், கோப்பைக்காகப் பிள்ளையைப் பலி கொடுத்திருக்கிறார்கள் என்றார். அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஸ்ஸைக் கூப்பிட்டு விட்டார்கள். வந்து கதவோரம் ஒற்றைக்காலில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

பிள்ளையிடம் விசாரிக்காமல் ஆட விட்டீர்களா என்று தலைமையாசிரியை கேட்டார். விசாரித்தேன் என்றார் மிஸ். பிள்ளை என்ன சொன்னாள் என்று அடுத்த கேள்வி வந்தது.

அப்போது அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்க வேண்டும். இடது முட்டி என்று பொய் சொன்னேன், மிஸ் மேல் தப்பில்லை. பத்து வார்த்தைகூட இல்லை. நான் தரையில் கிடந்த சுண்ணாம்புத் துண்டைப் பார்த்தேன். அதன் ஒரு முனை மிதிபட்டுப் பொடியாகியிருந்தது.

"நாந்தான் சரியாப் பாக்கல" என்றார் மிஸ்.

அந்த வேலை பகுதி நேர வேலை. வேண்டாம் என்று சொல்ல ஒரு தாளும் தேவைப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. எனக்குக் கல்லூரி இடம் கிடைத்தது. மூன்று வருஷம் பஸ்ஸில் போய் வந்து படித்தேன். ஸ்டிக்கை அப்புறம் தொடவில்லை.

அவரைப் பற்றி அவ்வப்போது ஏதாவது காதில் விழும். பனவடலிசத்திரம் பக்கம் வற்றிய குளத்துக்குள் கோடு போட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்றார்கள். மழை பெய்து குளம் நிறைந்ததும் வேறு ஊருக்குப் போனார் என்றார்கள். பிறகு அவரிடம் பழகிய பிள்ளைகள் இரண்டு பேர் மாநில அணிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். நல்ல செய்தி வரும்போதெல்லாம் மனசு கொஞ்சம் ஆறும். நம்மால் அவர் கெட்டுப்போகவில்லை என்று சொல்லிக்கொள்வேன். உடனே, அப்படிச் சொல்லிக்கொள்ள உனக்கு என்ன உரிமை என்றும் தோன்றும். போய்ப் பார்க்க வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்பும் நினைத்தேன், பின்பும் நினைத்தேன். பன்னிரண்டு வருஷம் நினைத்தேன்.

போக வைத்தது என் மகள். யாழினிக்கு ஐந்து வயது. அவளை வளர்ப்பதில் நான் செய்கிற எதுவும் எனக்குச் சரியாகப் பட்டதில்லை. தும்மினால் நெற்றியைத் தொடுவேன். சாப்பிடாவிட்டால் மூன்று பேருக்குப் போன் செய்வேன். போன மாதம் இரண்டு நாள் அவள் ஒரு காலைக் குதிகால் படாமல் வைத்து நடந்தாள். வலிக்கிறதா என்று எத்தனையோ முறை கேட்டேன். இல்லை என்றாள். ஓடிக்கூடக் காட்டினாள். மூன்றாம் நாள் குளிப்பாட்டும்போது பார்த்தால் உள்ளங்கால் வீங்கிச் சிவந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கீறி எடுத்த கருவேல முள் என் சுண்டு விரல் நகம் நீளம் இருந்தது. பிள்ளை அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ பயந்துருவல்லாம்மா."

அன்று முழுவதும் எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியாமல் போயிற்றே என்று முதலில் நினைத்தேன். யோசிக்க யோசிக்க, கேள்வியில் மட்டும் ஒன்றுமில்லை என்று பட்டது. பதிலை வாங்கிக்கொள்ள ஒரு முகம் வேண்டும். மிஸ்ஸுக்கு அது இருந்தது. அப்படிப்பட்டவரிடமே நான் பொய் சொன்னேன். இதை மனசில் வைத்துக்கொண்டு பிள்ளைக்கு முன்னால் இனியும் சும்மா இருக்க முடியாது என்று தோன்றியது. முத்துலட்சுமியிடம் போனில் கேட்டேன். திருவேங்கடத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் சனிக்கிழமைகளில் இருக்கிறார் என்றாள்.

யாழினியையும் கூட்டிக்கொண்டு போனேன். கால் ஆறியிருந்தது. புதுச் செருப்பு வேண்டுமென்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மிஸ் அப்படியேதான் நின்றார். தலை நரைத்திருந்தது. பழைய ஹாக்கி ஸ்டிக் ஒன்றைத் தலைகீழாக ஊன்றியிருந்தார். வளைந்த பக்கம் கைப்பிடியாகியிருந்தது. அன்று ஏதோ ஓர் ஆட்டம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருந்தார். நான் கோட்டுக்கு வெளியே காத்திருந்தேன். அந்தக் கேள்வி வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. அவர் முதலாவது பிள்ளையின் கையைப் பிடித்தார். ஒவ்வொரு விரலாக, கட்டை விரலிலிருந்து சுண்டு விரல்வரை, அழுத்திக்கொண்டே போனார். கண் மட்டும் பிள்ளையின் முகத்தில் இருந்தது. அடுத்த கை. பிறகு மணிக்கட்டு, தோள். உட்காரச் சொல்லி முட்டி, கணுக்கால். பதினொரு பேருக்கும் அப்படியே. கோல் கீப்பர் கிளவுஸ் மாட்டியிருந்தாள். கழற்றச் சொன்னார்.

ஆட்டம் தொடங்கியதும் அருகில் போனேன். திரும்பிப் பார்த்தார்.

"என்ன கீப்பரு" என்றார். நேற்றுப் பார்த்தவர் மாதிரி.

யாழினிதான் முதலில் பேசினாள். ஏன் கொக்கு மாதிரி நிக்கிய என்று கேட்டாள். அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "இந்தக் காலு சொன்ன பேச்சு கேக்காது, அதான் தூக்கி வெச்சிருக்கேன்" என்றார் மிஸ், மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் சமாதானமாகி, கோட்டோரம் மண்ணைக் குவிக்கப் போனாள்.

பஸ்ஸில் தயார் செய்தது எதுவும் வரவில்லை. "மிஸ், அன்னைக்கி எனக்கு இடது முட்டி வலிக்கல" என்றேன்.

"தெரியும்."

விரலைப் பிறகு பார்த்ததால் தெரியும் என்கிறார் என்று நினைத்தேன். அதற்கு முந்தைய நாளே அடிபட்டது, வேண்டுமென்றே மறைத்தேன், தலைமையாசிரியை அறையில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவர் கையை உயர்த்தி யாருக்கோ இரண்டு விரலைக் காட்டினார். பந்து வெளியே போனதும்தான் பேசினார்.

"நீ எப்பவும் வலது கையாலதான் எடது கிளவுஸ இழுத்து மாட்டுவ. அன்னைக்கி பல்லால கடிச்சு இழுத்த. பஸ்ஸ விட்டு எறங்கி மாட்டும்போதே பாத்துட்டேன்."

பந்தை உள்ளே போடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"பாத்துட்டுத்தான் முட்டில பிளாஸ்திரி ஒட்டுனேன். ஒன்ன வெளிய உக்கார வெச்சா கோப்ப போயிரும்னு தெரியும். எனக்கு வேணும்னு இருந்துச்சு மக்கா. ஆடும்போதும் கெடைக்கல. சொல்லிக்குடுக்கும்போதும் கெடைக்கல. நீ முட்டின்னு சொன்னியா, எனக்கு நிம்மதியாப் போச்சு."

அந்த அறையில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தேன்.

"சொல்லியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றார். "தப்பிச்சிருந்தா இப்பமும் எங்கனன்னு கேட்டுக்கிட்டு இருந்திருப்பேன்."

ஏன் கேட்பதில்லை என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். "கேட்டா பொய் சொல்லுதாளுவ. நம்புததுக்கு எனக்கும் ஆசையா இருக்கு. அதான் கையால பாத்துருதது."

பன்னிரண்டு வருஷமாக அவரை நான் ஒரு மாதிரி வைத்திருந்தேன். எந்த இடத்தைச் சொன்னாலும் நம்புகிறவர், என் பொய்யைத் தன் தப்பாக ஏற்றுக்கொண்டு போனவர். "நாந்தான் சரியாப் பாக்கல" என்றதைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். தப்பு தன்மேல் என்று அவர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார். கோபம் வந்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். வந்தது, கொஞ்சம். என் மடங்கிய விரல் கண்ணில் பட்டது. மனசு லேசாகும் என்று எதிர்பார்த்து வந்தேன். லேசாகவும் இல்லை. அவர் மறைத்திருக்கலாம். நான் சொன்ன மன்னிப்பை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அதற்காகவே இன்னும் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் நின்றேன். அவருடைய பிள்ளைகள் இரண்டு கோல் வாங்கினார்கள். அவர் கத்தவில்லை.

கிளம்பும்போது என் வலது கையைப் பிடித்தார். மடங்கிய விரலை நிமிர்த்தப் பார்க்கவில்லை. அதன் மேல் கட்டை விரலை வைத்து ஒருமுறை அழுத்தினார். அன்றைக்கு அழுத்தியிருக்க வேண்டிய இடம். என் முகத்தைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு பக்கமும் கரிசல், அறுவடை முடிந்து கிடந்தது. யாழினி என் மடியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மைதானத்தில் பொறுக்கிய கற்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுடைய செருப்பைக் கழற்றினேன். எதுவும் கேட்கவில்லை. கட்டை விரலிலிருந்து ஒவ்வொரு விரலாக அழுத்திக்கொண்டே வந்தேன். நாலாவது விரலில் பாதம் சற்றுப் பின்னுக்குப் போயிற்று. உள்பக்கம் செருப்பு வார் கடித்துத் தோல் உரிந்திருந்தது. அவள் எண்ணுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் முகத்தை மாறாமல் வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன்.